கறுப்பு ராணி வந்த கட்டம்

பராகோவா
11 மார்ச் 1979

அன்பு அக்கா மிக்தாலியாவுக்கு,

நீயும் ரிகோ அத்தானும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு எழுதுகிறேன். மழை விட்டதிலிருந்து அம்மாவுக்கு இழுப்பு பரவாயில்லை. படுத்தே தூங்குகிறாள். சாக்லேட் ஆலையில் எனக்குக் காலை முறை. தலைமுடியிலிருந்து கொக்கோ வாசம் போகவே மாட்டேன் என்கிறது.

அக்கா, விஷயத்துக்கு வருகிறேன். குவாந்தனாமோவில் நடந்த கிழக்கு மாகாணப் பெண்கள் சதுரங்கப் போட்டியில் நான் கிரசியேலா மெந்தியெத்தாவை ஜெயித்துவிட்டேன். ஆமாம், உங்கள் ஊர் கிரசியேலாவைத்தான்!

எனக்கு வெள்ளை. அவள் எப்போதும் போல e6 என்று பிரெஞ்சுத் தடுப்பைப் போட்டாள். நான் e சிப்பாயை e5 வரை தள்ளிவிட்டேன். c சிப்பாய்கள் இரண்டும் d4-ல் வெட்டப் போனதில் c வரிசை திறந்துவிட்டது. அவள் ராணியை c7-ல் கொண்டுவந்து நிறுத்தினாள். கறுப்புக் கட்டப் பிஷப்புகள் d2-வில் மாறிக்கொண்டன. அவளுடைய குதிரை இரண்டும் a5-லும் b6-லும் புல் மேய்ந்துகொண்டிருந்தன. ராஜாவுக்குப் பக்கத்தில் ஒரு யானையைத் தவிர ஆள் இல்லை. என் பிஷப் d3-ல் இருந்து h7 சிப்பாயையே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குக் காது சூடேறியது. எடுத்தேன், அடித்தேன்! அவள் ராஜா பிஷப்பை வெட்டியது. குதிரை g5-க்குத் தாவி ராஜாவுக்குச் செக். ராஜா மறுபடி மூலைக்குப் பக்கத்தில் ஒதுங்கியதும் ராணியை h5-க்கு அனுப்பினேன். அடுத்த நகர்விலேயே h7-ல் மாட், ஆட்டம் முடிந்துவிடும் என்ற மிரட்டல்.

அவள் யானையை e8-க்கு நகர்த்தி ராஜாவுக்கு வழிவிட்டாள். அந்த வழியிலேயே விரட்டிக்கொண்டு போனேன். ராஜா ராணிப் பக்கம் வரைக்கும் ஓடியது, அங்கே என் குதிரை ராஜாவையும் யானையையும் சேர்த்துப் பிடித்தது. அவள் சிரித்துக்கொண்டே கை கொடுத்தாள்: "அடி பொண்ணே, யாருடி நீ? கொக்கோ மூட்டைக்குள்ள இருந்து வந்தியா?"

நகர்வுகள் முழுவதையும் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். நீ பார்த்துச் சொன்னால்தான் எனக்கு ஜெயித்த மாதிரி இருக்கும். ஈச்ச ஓலைக் கூம்பில் தேங்காய் மிட்டாய் கட்டி அம்மா அனுப்பியிருக்கிறாள். எறும்பு முந்திக்கொள்ளாவிட்டால் உன் கைக்கு வரும்.

முத்தங்களோடு,
ஒனேலியா


கமகுவேய்
2 ஏப்ரல் 1979

ஒனேலியா,

உன் கடிதமும் மிட்டாயும் வந்தன. நாங்கள் நலம். ரிகோவுக்கு முதுகுவலி, வழக்கமானதுதான். அம்மாவை ஈரத் தரையில் வெறுங்காலோடு நடக்க விடாதே.

வாழ்த்துகள். செய்தி உன் கடிதத்துக்கு முன்பே வந்துவிட்டது. ரொட்டிக் கடை வரிசையில் பின்னால் நின்ற ஒருவர் தோளைத் தட்டிக் கேட்டார்: "கிரசியேலாவை மண்ணைக் கவ்வ வெச்ச பொண்ணோட அக்கா நீங்கதானாமே?" ஆமாம் என்றேன். பின்னே என்ன சொல்ல? இந்த ஊர்க் கழகத்தில் எட்டு வருஷமாக விளையாடுகிறேன். என்னை யாரும் தோளைத் தட்டிக் கேட்டதில்லை.

ஆட்டத்தைப் பார்த்தேன். தொடக்கம் சரியில்லை. h3 எதற்கு? உன் குதிரையை அங்கே யார் கட்டிப்போட வந்தார்கள்? ஒரு நகர்வு வீண். பிஷப்பை d2-வில் அவள் கேட்டவுடன் மாற்றிக்கொடுத்தாய், அதுவும் அவசரம். c வரிசையைத் திறந்துவிட்டு, அங்கே உன் யானையைக் கொண்டுவராமல் சும்மா இருந்தாய். பதினைந்தாவது நகர்வு வரைக்கும் அவள்தான் நன்றாக ஆடியிருக்கிறாள். அவள் குதிரைகள் ராஜாவை விட்டு விலகிப் போனதால் நீ பிழைத்தாய். அதிர்ஷ்டமும் ஆட்டத்தில் சேர்த்திதான், இல்லை என்று சொல்லவில்லை.

h7-ல் நீ கொடுத்த பிஷப் பலியைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது. பலகையில் வைத்து நிதானமாகப் பார்க்க வேண்டும். குழந்தை காய்களை வாயில் போடுகிறாள்.

அம்மாவுக்கு என் அன்பு.
மிக்தாலியா


பராகோவா
19 ஏப்ரல் 1979

அன்பு அக்கா,

அத்தானின் முதுகுக்கு அம்மா ஒரு தைலம் சொல்கிறாள், கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறேன். இங்கே எங்களுக்குக் குறையில்லை.

h3 பற்றி நீ சொன்னது சரி. எழுதும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது. பயந்தால் நான் ஓரத்துச் சிப்பாயைத்தான் தள்ளுவேன், உனக்குத் தெரியுமே.

பெரிய செய்தி ஒன்று. ஜூலையில் ஒல்கினில் இறுதிச் சுற்று. நானும் கிரசியேலாவும் மட்டும், ஒரே ஆட்டம். வெள்ளை எனக்கு விழுந்திருக்கிறது. ஜெயிக்கிறவளை ஹவானாவில் ஒரு வருஷம் பயிற்சிக்கு எடுத்துக்கொள்கிறார்கள். ஆலையில் விடுப்பும் சம்பளமும் உண்டு என்று மேலாளரே சொல்லிவிட்டார். அம்மா உன்னிடம் வந்து இருப்பாளாம். "கமகுவேய்ல எனக்கு மூச்சு நல்லா வரும்"னு இப்போதே துணியை மடித்து வைக்க ஆரம்பித்துவிட்டாள்.

அக்கா, இந்த ஊரில் இருபத்தாறு வயதுக்கு மேல் ஒரு பெண்ணுக்குப் புதிதாக எதுவும் நடப்பதில்லை. எனக்கு நடக்கப் போகிறது போலிருக்கிறது.

ஆனால் ஒரு உறுத்தல். அந்தப் பலியில் ஏதோ ஓட்டை இருக்கிறது. எங்கே என்று தெரியவில்லை. ராணி h5-க்குப் போனபோது வீட்டைப் பூட்டாமல் வந்துவிட்ட மாதிரி இருந்தது. தினமும் பார்க்கிறேன், பிடிபடவில்லை. என் கண் தாக்குகிறவள் கண். உன் கண்தான் தற்காக்கிறவள் கண். நீ பார்த்துச் சொல். சரியில்லை என்றால் வேறு தொடக்கம் படிக்க இரண்டு மாதம் இருக்கிறது. நீ சொல்வதைத்தான் ஆடப் போகிறேன்.

உன் பதிலுக்காகத் தபால்காரரைத் தொந்தரவு செய்யப் போகும்,
ஒனேலியா


கமகுவேய்
27 மே 1979

என் அன்பு நேலாவுக்கு,

தாமதத்துக்குக் கோபிக்காதே. குழந்தைக்குச் சின்னம்மை. இப்போது கொப்புளமெல்லாம் காய்ந்து, வீடு முழுவதும் ஓடுகிறாள். தைலம் ரிகோவுக்குக் கேட்டது. நேராக நிமிர்ந்து நடக்கிறார், அம்மாவிடம் சொல். உனக்கு ஒரு நீலச் சட்டை தைத்துக்கொண்டிருக்கிறேன். இறுதிச் சுற்றுக்கு நல்லதாக ஒன்று உடுத்திப் போ. எல்லாரும் பார்ப்பார்கள்.

உன் பலியைப் பார்த்தேன். பல நாள் பார்த்தேன். அருமையான பலி, நேலா. ராணி h5-க்கு வந்த பிறகு அவளுக்கு என்ன இருக்கிறது? யானையை d8-க்கோ e8-க்கோ நகர்த்தினால் ராஜா வெளியே ஓட வேண்டியதுதான். விரட்டுவது எப்படி என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம். f சிப்பாயைத் தள்ளினால் அடுத்த நகர்விலேயே மாட். g சிப்பாயைத் தொட்டாலும் மாட். குதிரைகள் வந்து சேராது. எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். பயப்படாமல் ஆடு.

அவள் வேறு வழியில் போவாளோ என்று யோசிக்காதே. எனக்குக் கிரசியேலாவைத் தெரியும். குவாந்தனாமோவில் நடந்தது கைப்பிசகு என்று ஊருக்குக் காட்ட அதே ஆட்டத்தைத்தான் ஆடுவாள். நீயும் அதையே ஆடு. h3 மட்டும் வேண்டாம்.

நான் இப்போது கழகத்துக்கு அடிக்கடி போகிறேன். இந்த மாதம் ஒருநாள் என் மேசையைச் சுற்றி அத்தனை பேரும் நின்றார்கள். கிழவர் எவாரிஸ்தோ தொப்பியைக் கழற்றி, "மிக்தாலியா, இத்தனை நாளா இந்த மூளைய எங்க ஒளிச்சு வெச்சிருந்தே?" என்று கேட்டார். அந்தக் கதையெல்லாம் நேரில்.

நன்றாகச் சாப்பிடு. தேங்காய்ப்பால் விட்ட மீனாக இருந்தாலும் சாப்பாட்டுக்கு நடுவில் பலகையைப் பார்க்காதே.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்,
மிக்தாலியா


பராகோவா
14 ஜூன் 1979

என் தங்க அக்கா,

உன் கடிதத்தை அம்மாவுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். குழந்தையின் கொப்புளம் காய்ந்த இடம் வரும்போதெல்லாம் அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். என் உடம்புக்கு ஒன்றுமில்லை. மனதுக்குத்தான் இறக்கை முளைத்திருக்கிறது.

நீ இவ்வளவு நீளமாக எனக்கு எழுதியதே இல்லை. எனக்கு எப்போதும் உன் மேல் ஒரு பொறாமை, தெரியுமா? உன் கல்யாணத்தில், உன் வீட்டு முற்றத்தில், நீ எதையும் கலங்காமல் செய்வதில். நீ என் ஆட்டத்தை அருமை என்று சொன்னதும் அதெல்லாம் எங்கோ போய்விட்டது. வேறு தொடக்கம் படிக்கலாம் என்று ஆலை நண்பர் கொடுத்த புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

நீலச் சட்டை வந்தது. கை கொஞ்சம் நீளம், மடித்துக்கொள்கிறேன்.

அணைப்போடு,
ஒனேலியா


பராகோவா
22 ஜூலை 1979

அக்காவுக்கு,

அனைவரும் நலமா? நானும் அம்மாவும் நலம்.

ஒல்கினில் தோற்றுவிட்டேன். கிரசியேலா ஹவானா போகிறாள். நான் திங்கட்கிழமையிலிருந்து வேலைக்குப் போகிறேன். மலைச் சாலையில் பஸ் பழுதாகி ஒரு பகல் முழுக்க நின்றது. அதில் கொஞ்சம் ஜலதோஷம், வேறொன்றுமில்லை.

கிரசியேலா உன்னை விசாரித்தாள்.

ஒனேலியா


கமகுவேய்
6 ஆகஸ்ட் 1979

அன்பு நேலா,

செய்தி கேட்டு மனம் உடைந்தது. ஜலதோஷத்தைச் சாதாரணமாக விடாதே. எலுமிச்சையும் தேனும் வெந்நீரில் குடி. காலில் எண்ணெய் தேய்த்துக்கொள். இங்கே எல்லாரும் நலம், வெயில்தான் தாங்கவில்லை. முற்றத்து மண்ஜாடியில் தண்ணீர் அடியைத் தொட்டுவிட்டது. ரிகோ புதுச் சுண்ணாம்பு அடிக்கப் போகிறார். குழந்தை "மாமா" என்று அண்டை வீட்டு நாயைக் கூப்பிடுகிறாள்.

வெற்றி தோல்வி எல்லாருக்கும் வருவதுதான். ஹவானா எங்கே போய்விடப் போகிறது? அம்மா வேண்டுமானால் சும்மாவே இங்கே வந்து இருக்கட்டும். நீ கொஞ்ச நாள் பலகையைத் தொடாமல் இரு. அதுதான் நல்லது. மனம் ஆறும்.

அன்போடு,
மிக்தாலியா


பராகோவா
16 செப்டம்பர் 1979

அக்காவுக்கு,

உன் வீட்டில் அனைவரும் சுகம் என்று அறிந்து சந்தோஷம். ஜலதோஷம் போய்விட்டது. அம்மா மடித்து வைத்த துணியை மறுபடி அலமாரியில் எடுத்து வைத்துவிட்டாள்.

உன் கடிதத்தில் சுண்ணாம்பு இருக்கிறது, நாய் இருக்கிறது, எலுமிச்சை இருக்கிறது. நான் எப்படித் தோற்றேன் என்று நீ கேட்கவில்லை. என் சின்ன வயதிலிருந்து நான் தோற்ற ஒவ்வொரு ஆட்டத்தையும், "எந்த இடத்துல விட்டே?" என்று முதலில் கேட்பவள் நீ. ஆகவே நீ கேட்காமலே சொல்கிறேன்.

நீ சொன்னபடியே அதே ஆட்டம்தான் வந்தது. h3 போடவில்லை. பிஷப்பை h7-ல் கொடுத்தேன், குதிரை g5, ராணி h5. கூடத்தில் யாரோ மெதுவாகக் கைதட்டினார்கள். கிரசியேலா காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். யோசிக்கவே இல்லை, அக்கா. c7-ல் இருந்த ராணியைத் தூக்கினாள். திறந்த வரிசையில் நேராக இறங்கி என் வீட்டுக்குள்ளேயே, c2-வில் கொண்டுவந்து வைத்தாள்.

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. ராஜா சாகக் கிடக்கும்போது ராணி இங்கே எதற்கு வருகிறாள் என்று. பிறகு பார்த்தேன். c2-விலிருந்து சாய்கோடு ஒன்று d3, e4, f5, g6 என்று நேராக h7-க்குப் போகிறது. அங்கே நின்றபடி தன் ராஜாவைக் காக்கிறாள். அந்த c2 கட்டத்தை இதுவரை காத்தவர்கள் என் d3 பிஷப்பும் d1 ராணியும். இருவரையும் நானே வெளியே அனுப்பிவிட்டேன். வீட்டைப் பூட்டாமல் வந்த மாதிரி என்று உனக்கு எழுதினேனே, பூட்டாத கதவு அதுதான்.

அடுத்து அவள் ராணி g6-க்கு வந்தது. ராணிகள் மாறின. ஒரு பிஷப் குறைவாக வெகுநேரம் இழுத்தேன், வேறு என்ன செய்ய.

ஆட்டம் முடிந்து காய்களை அடுக்கும்போது அவள் கேட்டாள். அவள் குரலில் கபடமே இல்லை. "ஏம்மா, நீ ஏன் இத ஆடினே? ராணி h5 வெக்கிறப்போ எனக்கு வெலவெலத்துப் போச்சு, நீ வேற ஏதோ புதுசா வெச்சிருக்கியோன்னு."

"ஏன் அப்பிடி நெனச்சீங்க?"

"மே தினம் முடிஞ்ச வாரம் மிக்தாலியாதான் கிளப்புல எல்லாருக்கும் இத காட்டினா. c2, c2ன்னு. எவாரிஸ்தோ கெழவர் தொப்பியே கழட்டிட்டாரு. சொந்தத் தங்கச்சிக்குச் சொல்லாமயா இருப்பான்னு நெனச்சேன்." அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். "சொல்லலியா?"

"சொன்னாங்க. நான்தான் மறந்துட்டேன்," என்றேன்.

அவள் நம்பவில்லை. ஆனால் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

உன் மே 27 கடிதத்தை மறுபடி படித்தேன். யானை இருக்கிறது, சிப்பாய் இருக்கிறது, குதிரை இருக்கிறது. கறுப்பு ராணி மட்டும் அந்தக் கடிதத்தில் எங்கேயும் இல்லை.

அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

ஒனேலியா


கமகுவேய்
9 டிசம்பர் 1979

ஒனேலியாவுக்கு,

அம்மாவின் இழுப்பு குளிர்காலத்தில் எப்படி? ரிகோவும் குழந்தையும் நலம். எனக்கு நடுவில் காய்ச்சல் வந்துபோனது. கடிதம் எழுதாததற்கு அது காரணமில்லை.

பலமுறை எழுத உட்கார்ந்தேன். என்ன எழுதினாலும் உன்னிடம் எதையோ கேட்பது போல இருந்தது. கேட்க எனக்கு உரிமை இல்லை.

அன்று கழகத்தில் கைதட்டினார்கள். அதைச் சொல்லிவிடுகிறேன். எட்டு வருஷமாக நான் அங்கே கிரசியேலாவிடம் தோற்பதற்காகவே போகிறவள் மாதிரி. நீ மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருநாள் வந்து அவளைச் சாய்த்துவிட்டுப் போனாய். அதற்குப் பிறகு ரொட்டி வரிசையில், மருந்துக் கடையில், ரிகோவின் பட்டறையில்கூட, "தங்கச்சி எப்படி இருக்கா?" என்பதே பேச்சு. என்னை எப்படி இருக்கிறாய் என்று யாரும் கேட்கவில்லை. c2 கட்டத்தைக் கண்டுபிடித்த அன்று சமையலை அடுப்பிலேயே விட்டுவிட்டுக் கழகத்துக்கு ஓடினேன். கறுப்பு பீன்ஸ் கருகிப்போனது. உனக்கு எழுதக் காகிதம் எடுத்தேன். எழுதினால் நீ ஹவானா போவாய் என்று தோன்றியது. பேனாவை மூடிவிட்டேன். மறுபடி திறந்தபோது உனக்கு வந்து சேர்ந்த கடிதத்தைத்தான் எழுதினேன்.

இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்லத் தெரியவில்லை.

நீ தோற்ற இடத்தில் மூன்று மாதமாக உட்கார்ந்திருக்கிறேன். கறுப்பு ராணி c2-வில். எல்லாரும் முடிந்தது என்கிறார்கள். d2-வில் உனக்கு இன்னொரு குதிரை இருக்கிறது, யாரும் அதைப் பார்ப்பதில்லை. அதை e4-ல் வை. அவள் சிப்பாயின் வாய்க்கு நேராக. அது அந்தச் சாய்கோட்டை மறிக்கிறது. சிப்பாயால் வெட்டினால் அவள் சிப்பாயே அவள் ராணியை மறைத்துவிடும், h7-ல் மாட். எனக்கு உடம்பு சிலிர்த்தது, நேலா.

இதைக் கழகத்தில் யாருக்கும் காட்டவில்லை. ரிகோவுக்குக்கூட. உனக்குத்தான் முதலில்.

அம்மாவின் பாதங்களுக்கு என் முத்தம்.
மிக்தாலியா


பராகோவா
20 ஜனவரி 1980

அன்பு அக்காவுக்கு,

குளிரில் அம்மாவுக்கு இரண்டு முறை கஷ்டமாகி மருத்துவமனை போய் வந்தோம். இப்போது எழுந்து நடமாடுகிறாள், கோழியை விரட்டுகிறாள், என்னைத் திட்டுகிறாள். உனக்குக் காய்ச்சல் வந்ததைப் படித்துவிட்டு, "அவளுக்கு யாரு கஞ்சி வெச்சுக் குடுத்தா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நீயே அவளுக்குப் பதில் எழுது.

குதிரையை e4-ல் வைத்துப் பார்த்தேன். மூச்சு நின்றுவிட்டது. இவ்வளவு அழகான நகர்வை நான் கனவில்கூடக் கண்டதில்லை.

ஆனால் அதுவும் தோற்கிறது, அக்கா. அவள் சிப்பாயால் வெட்ட மாட்டாள். ராணியாலேயே வெட்டுவாள். என் அடுத்த குதிரை அந்த ராணியை வெட்டும், அப்போது சிப்பாய் என் குதிரையை வெட்டும். கடைசியில் என் ராணி ஒருத்திக்கு எதிரே அவளுடைய பிஷப்பும் இரண்டு குதிரைகளும் நிற்கும். மெதுவாக நெருக்குவார்கள். அன்றைக்கே சாக மாட்டேன். சாயங்காலம் வரை இழுத்திருப்பேன், அவ்வளவுதான். நீயும் போட்டுப் பார்.

இதை நீ பார்க்காமல் விட்டாயா, பார்த்துவிட்டு எழுதாமல் விட்டாயா என்று ஒரு வாரம் யோசித்தேன். இனி உன் கடிதம் வரும்போதெல்லாம் அப்படித்தான் யோசிப்பேன் போலிருக்கிறது. அதுதான் எனக்கு ஹவானாவைவிட வலிக்கிறது.

ஜூன் மாதம் அடுத்த போட்டி உங்கள் ஊரில். பெயர் கொடுத்துவிட்டேன். பிரெஞ்சுக்கு எதிராக வேறு தொடக்கம் படிக்கிறேன். எது என்று உனக்குச் சொல்லப் போவதில்லை. மற்ற ஆட்டக்காரிகளோடு விடுதியில் தங்கிக்கொள்கிறேன், உன் வீட்டில் வேண்டாம். குழந்தையைப் பார்க்க ஒரு மாலை வருவேன். காபி போட்டு வை, சர்க்கரை எனக்கு இரண்டு கரண்டி. பலகையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடு. நாம் அம்மாவைப் பற்றிப் பேசலாம்.

உன் தங்கை
ஒனேலியா